ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம் யார் முதுகில்?

"வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்க. வெளியில கண்டதையும் வாங்கித் திங்காதீங்க!"

எந்த வைத்தியரிடம் போனாலும் இந்த வார்த்தை காதில் விழாமல் நீங்கள் வீடு திரும்ப முடியாது. அலோபதி டாக்டர் சொல்வார். ஆயுர்வேத வைத்தியர் சொல்வார். சித்த மருத்துவனான நானும் தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறேன். நல்ல வார்த்தைதான், சந்தேகமே இல்லை. ஆனால், அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது.

வீட்டுச் சாப்பாடு சரி... அதைச் சமைத்தது யார்?

சிரிக்காதீங்க! நாடி பார்க்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

என்னிடம் மூட்டு வலிக்கு வரும் ஒரு அம்மாள், நாற்பத்தெட்டு வயசு, நான் வழக்கமான அறிவுரையைச் சொன்னதும் சொன்னார்: "ஆறு நாளும் அடுப்படியில நிக்கிறேன் டாக்டர். ஏழாவது நாளாவது ஓட்டல்ல ஒரு தோசை சாப்பிட்டா, அதுதான் எனக்கு ரெஸ்ட்டு. அதையும் கூடாதுங்கிறீங்களே!"

இதுக்கு என்ன பதில் சொல்ல? அந்த அம்மாள் கேட்டது முழுக்க நியாயம். ஓட்டல் தோசையில் அவர் தேடியது ருசியை அல்ல, உட்காரும் சுகத்தை. அதை வீட்டிலேயே கொடுக்க நாம் தயாரா என்பதுதான் விஷயம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மத்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஒரு பெண் சராசரியாகத் தினம் 299 நிமிடம் செலவிடுகிறார். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! ஆண் செலவிடுவது 97 நிமிடம். அதுவும், அன்றைக்கு வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி மட்டும்தான் இந்த 97. சும்மா உட்கார்ந்திருந்த ஆண்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை!

இன்னொரு பக்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றது அது. எனவே வீட்டுச் சாப்பாடு வேண்டும், உடம்பை அசைக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் ஒருத்தர் தேய்ந்து, மற்ற நாலு பேர் ஆரோக்கியமாக இருப்பது என்ன ஆரோக்கியம்?

1964-ல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். தேரையரின் நோயணுகா விதியைப் படித்தவர்களுக்குத் தெரியும். நோய் வந்த பிறகு என்ன மருந்து என்பதல்ல அதன் பேச்சு. எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது, எப்போது எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என்பதுதான். வாதம், பித்தம், கபம் மூன்றும் கெடுவதற்குச் சாப்பாடு எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் நம் நடத்தையும் தூக்கமும் மனசும். களைத்து, எரிச்சலோடு கிண்டிய உப்புமாவும், சிரித்துப் பேசி நாலு பேராகச் செய்த உப்புமாவும் தட்டில் ஒன்றுதான். ஆனால் அந்த வீட்டின் ராத்திரித் தூக்கம் ஒன்றாக இருக்காது!

ஆகவே, காசு அதிகம் செலவில்லாத மூன்று சந்தோஷங்களைச் சொல்கிறேன். வாய்க்கு ஒன்று, கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. மூன்றுக்கும் ஒரே பத்தியம்தான்: தனி ஆளாகச் செய்யக் கூடாது.

கூட்டாஞ்சோறு!

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சமையல் இது. பெயரிலேயே கூட்டு இருக்கிறது பாருங்கள். சின்ன வயசில் ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு காய் என்று கொண்டுவந்து, செங்கல் அடுப்பு மூட்டி ஆக்கி விளையாடியிருப்பீர்களே, அதே பெயர்தான்.

ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், சீனி அவரைக்காய், கொஞ்சம் மாங்காய், இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல் அரைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், புளி, உப்பு சேர்த்து எல்லாம் ஒரே பாத்திரத்தில். குழம்பு, பொரியல், கூட்டு என்று நாலு அடுப்பு வேலை கிடையாது.

இப்போது வேலையைப் பிரியுங்கள். கீரை உருவுவது மகன். வெங்காயம் உரிப்பது மகள். தேங்காய் துருவுவது வீட்டுக்காரர். உப்பு, புளி சரிபார்ப்பது பாட்டி. அம்மா? அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கட்டும்! ஒன்று மறக்காதீங்க... பாத்திரம் கழுவுவதும் சமையல்தான். "நான்தான் இன்னிக்கு சமைச்சேன்" என்று மீசையை முறுக்கிவிட்டு, மலை மாதிரி பாத்திரத்தைக் குவித்துவிட்டுப் போகிற வீட்டுக்காரர்களைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் செய்தது என்பதற்காக அளவு மீறவும் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அரிசியைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுமார் ஒரு டீஸ்பூன்தான். அப்பளம், வற்றல், ஊறுகாய் மூன்றும் தட்டில் ஏறினால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? நீங்களே யோசியுங்கள்.

பழம்புடவையும் ஒரு ஊசியும்

பீரோவைத் திறந்து பாருங்கள். நைந்துபோன நூல் புடவைகள் நாலாவது இருக்கும். கரித்துணியாகப் போடவும் மனசு வராது, கட்டிக்கொள்ளவும் முடியாது. அவற்றை அடுக்கி மடித்து, நாலு விளிம்பையும் பிடித்துத் தைத்து, பிறகு ஊசியை மேலும் கீழுமாக ஓட்டி நேர்த்தையல் போட்டால் அருமையான விரிப்பு! பிள்ளை பிறக்கப்போகிற வீடுகளில் பாட்டிகள் இப்படித்தான் தைத்து வைப்பார்கள். வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர். பழைய புடவையின் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பது அங்கே வழக்கம். மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி. ஏழை வீட்டுக் கந்தலில் பிறந்த கலைதான் எல்லாம்.

வைத்தியர் எதற்குத் தையலைப் பேசுகிறார் என்கிறீர்களா? சொல்றேன் கேளுங்க. செல்போனைத் தேய்க்கும் விரலுக்கு ஒரே ஒரு அசைவுதான் தெரியும். ஊசி பிடித்த கைக்கோ விரல், மணிக்கட்டு, கண் எல்லாம் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். வரிசையாகத் தையல் விழ விழ, மூச்சு தானாக நிதானப்படும். "மனசு படபடன்னு இருக்கு டாக்டர்" என்பவர்களுக்கு அரை மணி நேரத் தையல் நல்ல துணை. துணை என்றுதான் சொல்கிறேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசியை எடுக்காதீங்க!

நூல் கோர்ப்பது பேரன் வேலை, தைப்பது பாட்டி வேலை என்று வையுங்கள். "இது உங்க அப்பன் பிறந்தப்போ நான் கட்டியிருந்த புடவைடா" என்று பாட்டி ஆரம்பித்தால், பையன் போனை மறந்துவிடுவான். பாட்டிக்கும், தன் பேச்சைக் கேட்க ஒரு ஆள் கிடைத்த தெம்பு. தனிமைக்கு எங்கள் மருந்துப் பெட்டியில் சூரணமும் இல்லை, லேகியமும் இல்லை.

சில ஜாக்கிரதைகள்: பகல் வெளிச்சத்தில் தையுங்கள். நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள். சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போனவர்களுக்கு ஊசி குத்தினாலும் தெரியாது. விரலில் மாட்டும் உலோகக் குப்பியை, அதாவது தையல்காரர்களின் அங்குஸ்தானை, அவசியம் போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைக்கென்றால் நூல் புடவை மட்டுமே. பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. மெல்லிசாக, இழுத்து விரித்துக் கீழே போடுங்கள். தூங்கும் சிசுவின் முகத்தருகே துணியைக் குவிக்காதீங்க, மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

கட்டுச்சோறு கட்டுங்கள்!

ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் சித்திரான்னம் சாப்பிட்ட ஜனங்கள் நாம். காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வெளியே கிளம்புகிற ஜனங்கள். அந்தப் பழக்கத்தை வருஷத்துக்கு ஒரு நாளோடு நிறுத்துவானேன்? மாசத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் என்ன?

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தாமிரபரணிப் படித்துறை இருக்கிறது. சீசனில் குற்றாலம். குளிர்காலம் முடிவதற்குள் போனால், நாங்குநேரிக்குப் பக்கத்தில் கூந்தன்குளம். ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற இடம். வெளிநாட்டிலிருந்து வரித்தலை வாத்து வரும், நாரைகள் வந்து கூடு கட்டும். பறவைகளை அந்தக் கிராமத்து ஜனங்களே பிள்ளை போலப் பாதுகாக்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு வேடந்தாங்கல், திருச்சிக்காரர்களுக்கு முக்கொம்பு. எதுவும் இல்லாவிட்டாலும், ஊர் ஏரிக்கரை எங்கே போய்விட்டது?

புளிசாதம் நல்ல வழித்துணை. புளிப்பு, உப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்து சீக்கிரம் கெடவிடாது. பெருங்காயமும் வெந்தயமும் வயிற்றுக்கு இதம். தேங்காய்ச் சாதம் சீக்கிரம் ஊசிப்போகும், அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். தயிர் சாதத்துக்குச் சோற்றைக் குழைய மசித்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துக் கிளறினால் போதும். மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். ஆற்றில் இறங்குவதென்றால் சாப்பாட்டுக்கு முன்னால், ஆழம் தெரிந்த இடத்தில் மட்டும். திரும்பும்போது உங்கள் குப்பை உங்கள் பையிலேயே வரட்டும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி சொல்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை அதை முழுசாக அடைக்காது. ஆனால் நடையில் ஒரு ருசி உண்டு என்று காட்டும். ருசி கண்ட கால் திங்கட்கிழமையும் நடக்கும்! பிள்ளைகளுக்கு இன்னொரு லாபம். திறந்த வெளியில் அதிக நேரம் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மால் என்னும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் அந்த வெளிச்சம் கிடைக்காது.

இதிலும் பத்தியத்தை மறக்கக் கூடாது. விடிகாலை நாலு மணிக்கு அம்மா தனியாக எழுந்து சோறு கட்டி, பை நிரப்பி, பிள்ளைகளைக் கிளப்பி, போன இடத்திலும் பரிமாறி, வந்து டிபன் கேரியரையும் கழுவினால், அந்தச் சுற்றுலா மற்றவர்களுக்குத்தான். அவருக்கு அது கூடுதல் டியூட்டி.

"எங்க வீட்டுல நடக்காது டாக்டர்..."

இப்படிச் சொல்வீர்கள் என்று தெரியும். "அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது", "பசங்க பண்ணினா அடுப்படி நாசமாயிடும்." ஆகட்டுமே! முதல் வாரம் கூட்டாஞ்சோறு அடிப்பிடிக்கும். இரண்டாவது வாரம் உப்பு கரிக்கும். மூன்றாவது வாரம் சரியாக வந்துவிடும். அதுவரை சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் அம்மாமார்களுக்கு நான் கொடுக்கும் பத்தியம். கஷ்டமான பத்தியம்தான், தெரியும்! "நீங்க நகருங்க, நானே செய்றேன்" என்ற ஒரு வார்த்தையில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் ஆசை அணைந்துபோகிறது.

பிள்ளைகள் வெளியூரில், நீங்கள் இருவர் மட்டும்தானா? இல்லை, தனி ஆளா? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நீங்கள் காய் கொண்டுபோங்கள், அவர்கள் அரிசி போடட்டும். கூட்டாஞ்சோற்றுக்கு ரத்த சம்பந்தம் கட்டாயமில்லை.

வர்ற ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள். மூன்றையும் ஒரே நாளில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம், ஏதாவது ஒன்று போதும். காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரர் அரிவாள்மனையைத் தேடி எடுக்கட்டும். எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்காமல் தேடட்டும்! அன்றைக்குச் சாப்பாடு எப்படி இருந்தது என்று ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஒரு சின்ன வேண்டுகோள்... கடிதத்தைச் சமைத்தவர் எழுத வேண்டாம். உட்கார்ந்து சாப்பிட்ட அம்மா எழுதட்டும்.