புள்ளி மேசையில் முடிவாகும் கோப்பை

தூத்துக்குடி தருவை மைதானத்தில் பள்ளித் தடகளப் போட்டி நடந்தால் இரண்டு இடத்தில் கூட்டம் சேரும்: ஓட்டம் முடியும் சுண்ணாம்புக் கோட்டருகே, அப்புறம் பந்தலுக்குள் புள்ளி எழுதும் மேசையைச் சுற்றி. வெயில் தாழத் தாழ இரண்டாவது கூட்டம்தான் பெருகும். “சார், எங்க ஸ்கூலுக்கு எத்தனை பாயிண்ட்?” என்று கேட்டே பி.இ.டி. ஆசிரியரை எழுதவிடாமல் செய்துவிடுவார்கள் பிள்ளைகள்.

பள்ளிப் போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்கு வழக்கமான கணக்கு முறையே 5, 3, 1 புள்ளி. ஒரு வயதுப் பிரிவில் அதிகப் புள்ளி எடுப்பவர் தனிநபர் சாம்பியன். எல்லாருடைய புள்ளியையும் கூட்டியதில் முந்தும் பள்ளிக்கு ஒட்டுமொத்தக் கோப்பை. தொடர் ஓட்டப் புள்ளி பள்ளிக்குத்தான் போகும். தனிநபர் கணக்கில் சேராது.

கணக்கை மாற்றினால் சாம்பியனும் மாறிவிடலாம். 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். 57 தங்கம் வென்ற மகாராஷ்டிரத்தின் முதலிடத்தில் பேச்சுக்கே இடமில்லை. அடுத்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 38 தங்கம், 21 வெள்ளி, 39 வெண்கலம், மொத்தம் 98. ஹரியானாவுக்கு 35 தங்கம், 22 வெள்ளி, 46 வெண்கலம், மொத்தம் 103. தங்கத்தை முதலில் பார்த்து வரிசைப்படுத்தியதால் நமக்கு இரண்டாமிடம். பதக்கங்களை எண்ணியிருந்தால் ஹரியானாவுக்குப் போயிருக்கும். பள்ளி வழக்கப்படி 5, 3, 1 போட்டால் நாம் 292, அவர்கள் 287. 3, 2, 1 என்று போட்டுப் பார்த்தாலோ இரண்டு மாநிலமும் சரியாக 195!

தங்கத்தை முன்னிறுத்தும் முறை பெரிய போட்டிகளுக்குப் பொருந்தலாம். பள்ளிக்கு அது வேண்டாம், 5, 3, 1 கணக்கே போதும். வேம்பாரிலோ மணப்பாட்டிலோ இருந்து வரும் ஒரு பெண் மூன்று போட்டிகளில் முதலாவதாக வந்தால் 15 புள்ளி. பெரிய பள்ளி ஒன்று பதினைந்து மூன்றாமிடங்களைச் சேர்த்தாலும் அதே 15தான். ஒற்றைத் திறமைசாலியை மட்டும் நம்பி வரும் சின்னப் பள்ளியையும் இந்தக் கணக்கு கைவிடுவதில்லை, மூச்சு வாங்க மூன்றாவதாக வந்து சேரும் பையனையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணப் பள்ளிகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில், அதாவது ‘ஹவுஸ்’களுக்கு இடையிலான தடகளப் போட்டிகளில், அணிநடைக்கும் இல்ல அலங்காரத்துக்கும்கூட நடுவர்கள் புள்ளி போடுகிறார்கள். ஓடத் தெரியாத பிள்ளைக்கும் அங்கே வேலை இருக்கிறது. நம் பள்ளிகளும் யோசித்துப் பார்க்கலாம்.

எந்தக் கணக்கானாலும் முதல் விசில் ஊதுமுன் ஒலிபெருக்கியில் சொல்லிவிட வேண்டும். புள்ளி சமமானால் முதலிடங்கள் அதிகம் பெற்ற பள்ளிக்கா, அல்லது இருவருக்குமா என்பதையும் சேர்த்துத்தான். கோப்பையை இரண்டு பள்ளிகள் ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் ஏற்கெனவே உண்டு. முதல் ஆறு மாதம் யாருக்கு என்று அங்கேயே சீட்டுக் குலுக்கிப் பார்த்துவிடலாம்.