அட்டையின் பின்பக்கம்

பழைய சென்னையின் படங்கள் இணையத்தில் நாள்தோறும் வலம் வருகின்றன. மூர் மார்க்கெட், ஆளரவமற்ற மவுண்ட் ரோடு, டிராம் ஓடும் ஜார்ஜ் டவுன். பார்ப்பவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "அது ஒரு காலம்" என்ற ஒற்றை வரியுடன் அடுத்தவருக்கு அனுப்பிவைக்கிறார். இவற்றுள் கணிசமானவை ஒரு காலத்தில் கடைகளில் விற்ற அஞ்சலட்டைகள். நமக்கு வந்து சேர்வதோ அவற்றின் முன்பக்கம் மட்டுமே. அதிலும் கீழே அச்சிட்டிருந்த தலைப்பு பல வேளைகளில் கத்தரிக்கப்பட்டிருக்கும். இந்தக் கத்தரிப்பைப் பற்றித்தான் எனக்கு மனக்குறை.

இந்தியாவில் அரசாங்கத் தபால் கார்டு 1879ஆம் ஆண்டு காலணா விலையில் அறிமுகமாயிற்று. அதில் படம் கிடையாது. படமிட்ட அட்டைகள் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் அவற்றை வெளியிட்டது. வீலே அண்ட் கிளைன் போன்ற ஸ்டூடியோக்கள் படமெடுத்தன. அச்சு வேலை பலவற்றுக்கு ஜெர்மனியில் நடந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் வண்ணம் ஏற்றியவர்களில் எத்தனை பேர் சென்னையைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? அக்கால வானத்தின் நீலத்தைக் கண்டு உருகும் அன்பர்கள் இதைச் சற்று நினைவில் கொள்வது நல்லது.

இவற்றைப் பெரிதும் வாங்கியவர்கள் இங்கு வேலைக்கு வந்த வெள்ளையரும், கப்பலில் வந்துபோன பயணிகளுமே. தாம் இருக்கும் இடத்தை ஊரில் உள்ளவர்களுக்குக் காட்ட அனுப்பினார்கள். ஆகவேதான் இன்றும் சென்னையின் பழைய அட்டைகள் பிரிட்டனின் ஏலக்கூடங்களில் அகப்படுகின்றன. எதைப் படமெடுப்பது என்ற தேர்வும் அவர்கள் விருப்பப்படியே அமைந்தது: தேவாலயம், துறைமுகம், கடற்கரைச் சாலை, மாளிகைகள். இவற்றோடு 'உள்ளூர் மாந்தர்' என்று ஒரு தனி வகை. தண்ணீர் சுமப்பவர், சலவைத் தொழிலாளி, பாம்பாட்டி, 'தமிழ்ப் பெண்'. கட்டடத்துக்குப் பெயர் உண்டு, தெருவுக்குப் பெயர் உண்டு. கேமராவை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் அந்த மனிதருக்கு மட்டும் பெயர் இல்லை, தொழிலோ சாதியோதான் உண்டு. அந்தத் தலைப்பை வெட்டிவிட்டு, "நம் முன்னோரின் எளிய வாழ்க்கை" என்று புதுத் தலைப்பு இடும்போது அவமதிப்பு மறைகிறதே தவிர நீங்கவில்லை. தலைப்பும் சேர்ந்து இருந்தால்தான் அது ஆவணம்.

பின்பக்கத்தின் கதை வேறு. தொடக்கத்தில் அங்கே முகவரி மட்டுமே எழுதலாம். செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். பிரிட்டனில் 1902ஆம் ஆண்டுதான் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் செய்தி எழுத அனுமதித்தார்கள். பிற நாடுகளும் அடுத்தடுத்து இம்முறைக்கு மாறின. எனவே பின்பக்கத்தில் கோடு உண்டா இல்லையா என்பதே அட்டையின் வயதைப் பற்றி ஒரு துப்பு. தபால் முத்திரையில் தேதி தெளிவாக இருந்தால் படம் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. முந்தியதாக இருக்கலாம், பல ஆண்டுகள்கூட. கடைக்காரர் பழைய படத்தையே திரும்பத் திரும்ப அச்சிட்டு விற்றிருப்பார். முன்பக்கம் மட்டும் கையில் இருந்தால் மின்சார டிராம் ஓடிய 1895 முதல் 1953 வரையான காலம், மூர் மார்க்கெட் நின்றிருந்த 1900 முதல் தீக்கிரையான 1985 வரையான காலம் என்று அகலமாகத்தான் ஊகிக்க இயலும். லண்டனில் 2018ஆம் ஆண்டு சென்னை, பெங்களூரு அஞ்சலட்டைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. அவற்றை நகர வரலாற்றின் சான்றுகளாக அது முன்வைத்தது. நாம் இன்னும் பெருமூச்சைத் தாண்டவில்லை.

அஞ்சலட்டைக்காரர் எழுதாத பெயர்கள் இனி கிடைக்கப்போவதில்லை. நம் வீட்டுப் படங்களின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஊர் ஸ்டூடியோவில், வரைந்த திரைச்சீலைக்கு முன்னால், நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியபடி நம் தாத்தாக்களும் பாட்டிகளும் தாமே காசு கொடுத்து, தாம் விரும்பியபடி நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவை. தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்வடிவில் காக்கும் பணியைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியுடன் மேற்கொண்டது. அருமையான பணி. ஆனால் எந்த நிறுவனமும் நம் பரண்மேல் ஏறிவந்து, இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பெண் யார் என்று கேட்கப்போவதில்லை. அதைச் சொல்லக்கூடிய அத்தைக்கு எண்பது வயது கடந்திருக்கும்.

அவரிடம் கேட்டு எழுதுவதானால் பந்துமுனைப் பேனா வேண்டாம். அதன் அழுத்தம் காலப்போக்கில் முன்பக்கத்து முகத்தில் கோடாகத் தெரியும். மென்மையான பென்சிலால், படத்தைக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்து வைத்து, ஓரமாக எழுதினால் போதும்: பெயர், ஊர், யாருடைய மகள், தெரிந்தால் ஆண்டு.