பனி பெய்தால் விடுமுறை!

சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் ஓசையில்லாமல் ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. உத்தியோகத்துக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகல் நேரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழில் அது. 2017-ல் சட்டம் திருத்தப்பட்டு, 12 வாரப் பிரசவ விடுமுறை 26 வாரமாக நீண்டது. சரி, 27-வது வாரம்? அடுத்த தெரு மாமிதான் கதி!

மாமியும் லேசுப்பட்டவர் அல்ல. படிவம், விதிமுறை எல்லாம் வைத்திருப்பார். ஆனால் இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் படிவத்தை அப்படியே நகல் எடுத்தால், பனி கொட்டினால் விடுமுறை என்ற விதியும் கூடவே வந்து சேரும். சென்னையில் பனிக்கு எங்கே போவது? இங்கே எழவேண்டிய கேள்வி வேறு. மழைக்காகக் கலெக்டர் பள்ளிகளை மூடச் சொல்லும் நாளில் காப்பகம் உண்டா, இல்லையா? அன்றைக்கும் அம்மாவுக்கு ஆபீஸ் உண்டு அல்லவா?

எல்லாவற்றிலும் முக்கியம் மருந்து. "ஜுரம் வந்தால் ஒரு ஸ்பூன் கொடுங்கள்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு ஓடுகிறார் தாய். எந்த ஸ்பூன்? எந்த மருந்து? பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம்! பாட்டில் மாறினால் அளவே மாறிவிடும். ஆகவே மருந்தின் பெயர், வீரியம், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று அன்றன்றைக்கு எழுதிக் கையெழுத்து வாங்குவதே முறை. வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கும் பொதுச் சம்மதம் போதவே போதாது.

அழைத்துப்போக வருபவர் விஷயமும் அப்படித்தான். நம் குழந்தைகளுக்கு ஆண்பிள்ளை யாரானாலும் 'மாமா'. குழந்தை சிரித்துக்கொண்டு ஓடுகிறது என்பது அத்தாட்சி ஆகாது. பெயரும் புகைப்படமும் படிவத்தில் இருக்கட்டும். பெற்றோர் பிரிந்து வாழும் வீடாக இருந்தால் இதில் இரட்டை ஜாக்கிரதை வேண்டும்.

"பழகின மனுஷாளிடம் காகிதம் நீட்டுவதா?" என்று கூசுகிறவர்கள் உண்டு. ஆறரை மணிக்கு வரவேண்டியவர் எட்டு மணிக்கு வந்தால், மனஸ்தாபம் வராமல் கூடுதல் பணம் கேட்க அந்தக் காகிதத்தைத் தவிர வேறு வழி ஏது?

இன்னொன்று. படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது; பல வீடுகளில் காலையில் குழந்தையைக் கொண்டுவந்து விடுபவர் பாட்டி. தமிழிலும் ஒரு பிரதி அடித்துக் கொடுத்தால், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்துவிட்டு, நாலு கேள்வியும் கேட்பார்.