பயத்தைக் கீறிய உத்தரம்

இங்கிலாந்துல கென்ட் பகுதியில நோல்னு ஒரு பிரம்மாண்டமான மாளிகை இருக்கு. 2014-ல ஒரு அறையோட தரைப்பலகைகளைப் பெயர்த்தப்ப, அடியில இருந்த ஓக் மர உத்தரங்கள்ல கணப்புக்குப் பக்கத்துல விசித்திரமான கீறல்கள். குறுக்கும் நெடுக்குமா கட்டங்கள், ஒண்ணோட ஒண்ணு பின்னின 'வி' எழுத்துகள், வேணும்னே தீயால சுட்ட தழும்புகள். மர வளையங்களை வச்சுப் பார்த்ததுல, மரம் வெட்டினது 1605-06 குளிர்காலம். அந்த 1605 நவம்பர்லதான் மன்னர் முதலாம் ஜேம்ஸை நாடாளுமன்றத்தோட சேர்த்து வெடி வச்சுத் தகர்க்கப் பார்த்து மாட்டிக்கிட்டாங்க. மன்னர் வந்தா தங்கறதுக்குன்னு தயார் பண்ணின அறை இது.

கதவைச் சாத்தலாம், ஜன்னலைச் சாத்தலாம். புகைபோக்கியை எப்படிச் சாத்துறது? அது வழியா பேயும் சூனியக்காரியும் இறங்காம இருக்கத்தான் இந்தக் காப்புக்குறிகள். நம்ம பாஷையில சொன்னா, ஓட்டைக்கு ஒரு பேட்ச் :-)

'மூடநம்பிக்கை'ன்னு சிரிச்சிட்டுப் போயிடலாம். ஆனா அந்தத் தச்சர்கள் மேல எனக்குச் சிரிப்பு வரல. பயந்தாங்க, மரத்தைக் கீறினாங்க. அந்தக் கீறலால யாருக்கும் ரத்தம் வரல.

அதே ஜேம்ஸ் 1597-லயே பேய், சூனியம் பத்திப் புத்தகம் எழுதினவர். அவரோட ஆட்சியில 1604-ல சூனியத்துக்கு எதிரான சட்டம் இன்னும் கடுமையாச்சு. 1612-ல லங்காஷயர்ல, பென்டில் வழக்குல பத்து பேரைத் தூக்குல போட்டாங்க. முக்கிய சாட்சி ஒன்பது வயசுச் சின்னப் பொண்ணு. அவ சாட்சி சொன்னது தன்னோட அம்மா, அண்ணனுக்கு எதிரா. ரெண்டு பேரும் தூக்குல.

'கீறினவனும் அதே நம்பிக்கைதானே, நாளைக்கு அவனே சாட்சிக் கூண்டுல ஏறியிருப்பானே'ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ஏறியிருக்கலாம்தான். ஆனா நடுவுல ஒரு கோடு இருக்கு. பேர் தெரியாத ஒண்ணுக்குப் பயப்படறது ஒரு பக்கம். அந்தப் பயத்துக்குப் பேரும் விலாசமும் கொடுத்து, அந்த விலாசத்துக் கதவைத் தட்டுறது இன்னொரு பக்கம்.

இன்னிக்கு இந்தக் குறிகள் சுற்றுலா சமாச்சாரம். 2016-ல ஹாலோவீன் சமயத்துல, பழைய கட்டடங்கள்ல இதைத் தேடிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பே பொதுமக்களைக் கேட்டது. நல்ல விஷயம், பதிவாகணும். ஆனா 'சூனியக்காரிக் குறி'ன்னு செல்லமா பேர் வச்சுக் காட்டும்போது, தூக்குல தொங்கினவங்க கதையையும் பக்கத்துலயே ஒரு பலகையில எழுதி வைக்கணும்ங்கறது என் கட்சி. இல்லேன்னா பயந்தவங்க கதை மட்டும்தான் மிஞ்சும். அந்தப் பயத்துக்குப் பலியானவங்க கதை?

நீங்க என்ன சொல்றீங்க மக்கா?