மொட்டை விளக்கு

எளிமை என்ற சொல்லை இன்று எப்படியெல்லாம் விற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, விளக்குக் கடைக்குள் ஒரு நடை போய் வந்தால் போதும். ஒரு கறுப்புக் கம்பி. நுனியிலே மூடியில்லாத ஒரு பல்பு. 'ஸ்காண்டிநேவியப் பாணி' என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். விலையில் மட்டும் எளிமை இராது. அதை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கவிட்டுவிட்டு, எதிரே இருப்பவர் முகத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறவர்களை நான் அறிவேன். ரசனை என்ற பெயரால் கண்வலியை விலைகொடுத்து வாங்குகிறார்கள், பாவம்!

ஸ்காண்டிநேவியர்களின் மேல் இந்தப் பழியைப் போடுவது அநியாயம். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் டிசம்பர் மாதத்துப் பகல் சுமார் 7 மணி நேரந்தான். நீண்ட இரவை விளக்கோடு கழிக்கவேண்டிய ஜனங்கள் அவர்கள். போல் ஹென்னிங்ஸன் (1894–1967) என்ற டேனிஷ் கட்டடக் கலைஞர் மண்ணெண்ணெய் விளக்கொளியில் வளர்ந்தவர். மின்சார விளக்கு வந்தது, வெளிச்சம் கூடியது, கூடவே கண் கூச்சமும் வந்தது. அந்தக் கூச்சத்தை ஒழிப்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட காரியம். 1920களில் லூயிஸ் பௌல்சன் நிறுவனத்துக்காக, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மூடிகள் கொண்ட விளக்கை அமைத்தார். மூடிகளின் வளைவைக் கணித முறைப்படி வகுத்தார். பல்பு மறைந்திருக்கும், வெளிச்சம் மட்டும் மூடிகளில் பட்டு, பதமாகக் கீழே இறங்கும்.

பல்பு செய்கிறவர்கள் அதன் வடிவத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எந்தப் பல்புக்கும் இசைகிற மாதிரி 1958இல் பி.எச். 5 என்ற விளக்கைக் கொண்டுவந்தார் ஹென்னிங்ஸன். அதன் பெரிய மூடியின் குறுக்களவு 50 சென்டிமீட்டர். பெயரிலுள்ள 5 அதைத்தான் குறிக்கிறது. ஒளியின் நிறத்தைப் பக்குவப்படுத்த உள்ளே சிவப்பும் நீலமும்கூடத் தீட்டிவைத்தார். இத்தனை பிரயாசையும் எதற்காக? விளக்கின் கீழே உட்காருகிறவன் விளக்கை மறந்துவிட்டுப் பேசவும் படிக்கவும் வேண்டும் என்பதற்காக.

"வீட்டில் சாமான் குறைந்தால் மனம் லேசாகிறது, விளக்கிலும் அப்படித்தான்" என்று சிலர் வாதிக்கிறார்கள். சாமான் குறைய வேண்டியதுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளக்கில் மூடியைக் கழற்றினால் குறைவது கடைக்காரனின் செலவு. கூடுவது நம் கண்ணின் வேலை. அதிலும் இன்றைய எல்.இ.டி. பல்பு, பழைய 60 வாட் பல்பின் வெளிச்சத்தைப் பத்து வாட்டுக்குள்ளேயே தந்துவிடுகிறது. மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததைக் கண்ணில் இழக்க வேண்டுமா?

சுவரில் மாட்டும் விளக்கானாலும், கூரையிலிருந்து தொங்கும் விளக்கானாலும் எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். கடையிலேயே அதை ஏற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, வீட்டில் உட்காருகிறபடி உட்காருங்கள். பல்பு உங்கள் கண்ணில் நேரே குத்தினால், பெயர்ச்சீட்டில் எந்த நாட்டின் பெயர் இருந்தாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள்.