‘பொது’ என்று பெயர் மாற்றும் ஒரு வரி நிரல்

தரவு அட்டவணையைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் செய்கிற வேலை நெடுவரிசைகளின் பெயரை மாற்றுவதுதான். அரசு வெளியிடும் கோப்புகளில் தலைப்புகள் முழ நீளத்துக்கு இருக்கும். நடுவே இடைவெளி இருக்கும், அடைப்புக்குறி இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு நிரல் எழுதுவது தொல்லை. ஆகவே பைத்தானில் ஒரு வரி, அல்லது ஆர் மொழியில் ஒரு வரி. பழைய பெயர் போய்ப் புதிய பெயர் வந்துவிடும். ‘தரவைச் சுத்தம் செய்துவிட்டேன்’ என்பார்கள். சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். இந்த நாட்டில் சுத்தத்தின் பெயரால் யார் வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது நமக்குத் தெரியும்.

எண்ணை மாற்றினால் மோசடி, தலைப்பை மாற்றினால் வெறும் தொழில்நுட்பம் என்று ஐ.டி.யில் இருக்கும் நம் தோழர்களே நம்புகிறார்கள். எண்ணைத் தொடாமல், அதன் தலைக்கு மேல் இருக்கும் பெயரை மட்டும் மாற்றியே ஒரு சமூகத்தின் சாவையும் உரிமையையும் மறைத்துவிட முடியும். ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை.

2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு ஒரு பதில் சொன்னது: கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. சில நாள்கள் கழித்து இன்னொரு பதில்: 1993 முதல் பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்தபோது 941 பேர் இறந்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘கையால் மலம் அள்ளுவோர்’ என்று ஒரு வரையறை இருக்கிறது, ‘அபாயகரமான துப்புரவு’ என்று இன்னொரு வரையறையும் இருக்கிறது. எல்லாச் சாவுகளையும் இரண்டாவது தலைப்பின்கீழ் எழுதிவிட்டால் முதல் தலைப்பின்கீழ் பூஜ்யம் வரும். அந்தப் பூஜ்யத்தை நாடாளுமன்றத்தில் கூசாமல் வாசிக்கலாம். மலக்குழியில் இறங்கியவர் எந்தச் சாதி, ஏன் அவரே இறங்கினார் என்ற கேள்வி ‘அபாயகரமான’ என்ற சொல்லில் கரைந்துவிடுகிறது. மின்கம்பத்தில் ஏறுவதும் அபாயகரமான வேலைதானே! சாதியக் கொலை, தொழில் விபத்து ஆகிவிட்டது.

அது அரசின் தந்திரம், நமக்கென்ன என்கிறீர்களா? நம் ஊர் மாணவர் சேர்க்கை அட்டவணைக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 விழுக்காடு: பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, எஸ்.சி. 18, எஸ்.டி. 1. மீதி 31 விழுக்காடு ‘ஓ.சி.’. இதன் விரிவு ஓப்பன் காம்பெட்டிஷன், அதாவது திறந்த போட்டி. மதிப்பெண் இருந்தால் அருந்ததியர் மாணவியும் அந்த இடத்தில் சேரலாம், இஸ்லாமிய மாணவரும் சேரலாம். அது எந்தச் சாதியின் பங்கும் அல்ல.

ஆனால் இதே ‘ஓ.சி.’ என்ற இரண்டு எழுத்தைத்தான் ஒதுக்கீடு பெறாத சாதியில் பிறந்தவரின் பெயருக்கு நேராகவும் எழுதுகிறோம். ஒன்று இடத்தின் பெயர், மற்றொன்று ஆளின் பிரிவு. இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் நிரலாளர், இரண்டு நெடுவரிசைகளுக்கும் ‘எஃப்.சி.’ என்றோ ‘பொதுப்பிரிவு’ என்றோ ஒரே பெயரை வைத்துவிடுகிறார் என்று வையுங்கள். எல்லோருக்கும் திறந்திருக்கும் 31 விழுக்காடு, அந்த நொடியே முன்னேறிய சாதியினரின் சொந்தப் பங்காகத் தெரியத் தொடங்கும். அங்கே சேர்ந்த பி.சி., எஸ்.சி. மாணவர்கள் ‘அடுத்தவர் இடத்தைப் பிடித்தவர்கள்’ ஆவார்கள். டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் நாம் தினமும் மறுத்துக்கொண்டிருக்கும் பொய்யை நம் வரைபடமே அச்சடித்துக் கொடுக்கும்.

பீகாரைப் பாருங்கள். 2023 அக்டோபர் 2 அன்று அந்த மாநிலம் சாதிவாரிக் கணக்கெடுப்பின் முடிவை வெளியிட்டது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01, பிற்படுத்தப்பட்டோர் 27.12, எஸ்.சி. 19.65, எஸ்.டி. 1.68, ஒதுக்கீடு பெறாதோர் 15.52 விழுக்காடு. அந்தக் கடைசி வரிக்குப் பல ஊடக அட்டவணைகள் வைத்த தலைப்பு ‘ஜெனரல்’. நூற்றில் பதினாறு பேர்கூட இல்லாதவர்கள் ‘பொது’வாம், மற்ற எண்பத்து நான்கு பேரும் தனிப்பிரிவுகளாம். தன் சாதியின் பெயரைச் சொல்லாமல் இருக்கும் வசதி இங்கே யாருக்கு இருக்கிறது? அந்த வசதியைத்தான் ‘ஜெனரல்’ என்ற சொல் அட்டவணையிலும் வழங்குகிறது.

இனி நிரலுக்கு வருவோம். பைத்தானில் தரவு வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பாண்டாஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ரீநேம் என்ற கட்டளை உண்டு. பழைய பெயரையும் புதிய பெயரையும் ஜோடியாக அகராதியில் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பழைய பெயர் அட்டவணையில் இல்லாவிட்டால் அது பிழை காட்டாது. சத்தமில்லாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். தலைப்பின் முடிவில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தால்கூடப் பெயர் மாறாது. பெயர் மாறாத நெடுவரிசை, அடுத்த வரியில் தெரிவு செய்யும்போது விடுபட்டுப் போகலாம். ஒரு சமூகமே விடுபட்டாலும் திரையில் ஒரு எச்சரிக்கை வராது. ஆர் மொழியின் டிப்ளையரோ இதே இடத்தில் பிழை சொல்லி நின்றுவிடுகிறது. பாண்டாஸையும் அப்படி நிற்கவைக்கலாம். எரர்ஸ் என்ற அளவுருவுக்கு ரெய்ஸ் என்று கொடுத்தால் போதும்.

இன்னொரு வழக்கம் இதைவிட மோசம். தலைப்புகள் மொத்தத்தையும் ஒரு பட்டியலாக எழுதி வரிசைப்படி ஒட்டிவிடுவது. எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டுமே பாண்டாஸ் பார்க்கும். இந்த ஆண்டுக் கோப்பில் பி.சி.க்கு முன்னால் பி.சி. முஸ்லிம் நெடுவரிசை வந்திருந்தால், ஒருவரின் எண்ணிக்கை மற்றவரின் பெயரில் ஏறிவிடும்.

மூன்றாவது, ஒரே பெயரை இரண்டு நெடுவரிசைகளுக்குக் கொடுப்பது. பாண்டாஸ் இதையும் தடுக்காது. எஸ்.சி. அருந்ததியர் என்ற நெடுவரிசைக்கும் ‘எஸ்.சி.’ என்றே பெயர் வைத்துக் கூட்டிவிட்டால், 2009இல் சட்டமான 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு நிரம்பியதா இல்லையா என்று கேட்கவே வழியில்லாமல் போகும். தலித்துகளிலும் கடைசியில் நிறுத்தப்பட்டவர்கள் போராடிப் பெற்ற தனி நெடுவரிசை அது. ‘சுருக்கமாக இருக்கட்டும்’ என்று அதை அழிக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

பெயரை மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நம் வரலாறே பெயர் மாற்றிய வரலாறுதான். 1922இல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா, இழிவாக வழங்கிய பெயர்களை நீக்கி அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதுவும் தலைப்பை மாற்றும் வேலைதான். ஆனால் பெயர் சுமந்தவர்களே அவையில் எழுந்து, காரணம் சொல்லி, பதிவு வைத்து மாற்றினார்கள். இரவோடு இரவாக ஒரு நிரலில், யாரிடமும் கேட்காமல், எதற்கு மாற்றினோம் என்று ஒரு குறிப்பும் இல்லாமல் செய்யப்படுவது வேறு.

ஆகவே நிரல் எழுதும் தோழர்களிடம் சில கோரிக்கைகள். மூலத் தலைப்புகளை அப்படியே ஒரு கோப்பில் பாதுகாத்து வையுங்கள். எந்தப் பெயரை எதுவாக, ஏன் மாற்றினீர்கள் என்ற பட்டியலை உங்கள் வரைபடத்தோடு சேர்த்து வெளியிடுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் நிரல் நிற்கட்டும், பிழையைக் காட்டட்டும். இடத்தின் பெயரையும் ஆளின் பிரிவையும் ஒன்றாக்காதீர்கள். மனிதர்கள் இருக்கும் எந்த நெடுவரிசைக்கும் ‘பொது’ என்று பெயர் வைக்காதீர்கள்; ‘ஒதுக்கீடு பெறாத சாதியினர்’ என்று எழுதுங்கள். நீளமாக இருந்தால் இருக்கட்டும்.

இது ஏன் இப்போது அவசரம்? 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளின் முழுக்கணக்கும் நம் கைக்கு வரவே இல்லை. 2011இல் எடுத்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்துவிட்டன, பயன்படுத்த முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் கைவிரித்தது ஒன்றிய அரசு. அந்தச் சாதிக் கணக்கு வெளிவரவில்லை. இப்போது 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். கேட்கவைத்தது நெடிய போராட்டம். கேட்டு வாங்கிய பதில்களை எந்தத் தலைப்பின்கீழ் அடுக்குவார்கள், எதை எதோடு சேர்ப்பார்கள், எதற்கு ‘இதர’ என்று பெயர் வைப்பார்கள் என்பதில் அடுத்த போராட்டம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் தெருவில் நிற்பவர்களோடு நிரல் படிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும். கோப்பு வெளிவரும் நாளில் எண்களுக்குப் போகும் முன் தலைப்பு வரியைப் படியுங்கள் தோழர்களே. யார் பெயர் அங்கே இல்லை என்று பாருங்கள்.