பாடக்குறிப்புகளைப் பெட்டியில் அடுக்கும் முன்



உங்களில் யாரேனும் மடகாஸ்கர் தீவின் கிராமப் பிரசங்கிகளுக்கு வேதபாட வகுப்பு நடத்த அழைக்கப்பட்டால், குறிப்புகளைப் பெட்டியில் அடுக்கும் முன் அந்தச் சபையின் வரலாற்றை ஒருமுறை வாசியுங்கள்.

1818-இல் லண்டன் மிஷனெரி சங்கத்தார் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1835-இல் முழு வேதாகமமும் மலகாசி மொழியில் அந்தனனரிவோ நகரிலேயே அச்சாகி முடிந்தது. அதே ஆண்டில் முதலாம் ரனவலோனா அரசி தன் குடிகளுக்குக் கிறிஸ்தவ மார்க்கத்தைத் தடைசெய்தாள். அடுத்த ஆண்டுக்குள் மிஷனெரிகள் வெளியேறினார்கள். 1837-இல் ரசலாமா என்னும் பெண் இரத்தசாட்சியாக மரித்தாள். விசுவாசிகள் வேதாகமப் பிரதிகளை மண்ணுக்குள் புதைத்து வைத்துக் காத்தார்கள். 1861-இல் அரசி மரித்த பின்பு மிஷனெரிகள் திரும்பி வந்தபோது, தாங்கள் விட்டுச்சென்றதைவிடப் பெரிய சபையைக் கண்டார்கள்.

அந்த இருபத்தைந்து ஆண்டுகளும் அவர்களுக்கு வகுப்பெடுத்தவர் யார்? வெளிநாட்டுப் போதகர் ஒருவரும் இல்லை. தாய்மொழியில் வேதம் இருந்தது. அதைச் சேர்ந்து வாசிக்க ஒருவருக்கொருவர் இருந்தார்கள். ஆவியானவர் உடனிருந்தார்.

அப்படியானால் நாம் போகவே வேண்டாமா என்று கேட்பீர்கள். போகவேண்டும் என்பதே என் கருத்து. இறையியல் கல்லூரி வாசலை மிதியாமலே ஞாயிறுதோறும் பிரசங்கிக்கும் ஊழியர்கள் அங்கே உண்டு. கற்க அவர்களுக்கு வாஞ்சையும் உண்டு. ஆனால் அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சந்தித்த அப்பொல்லோ ஏற்கெனவே வேதத்தில் வல்லவன். அவர்கள் அவனை அடித்தளத்திலிருந்து கட்டவில்லை. அவன் அறிந்ததை இன்னும் திட்டமாக அறியச் செய்தார்கள். நீங்கள் சந்திக்கப்போவது அப்பொல்லோக்களை என்று எண்ணிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். பத்து நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஐம்பது மணி நேரம். மொழிபெயர்ப்புக்கே அதில் ஏறக்குறைய பாதி போய்விடும். பவுல் எபேசுவில் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷகாலம் அனுதினமும் சம்பாஷித்தார். இருபத்தைந்து மணி நேரத்தில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஓட்டிக் காட்டுவதில் யாருக்கு என்ன பயன்? ஒரே ஒரு நிருபத்தை, அல்லது மாற்கு சுவிசேஷத்தின் முதல் எட்டு அதிகாரங்களை, அவர்களுடைய வேதாகமத்தைத் திறந்துவைத்து மெதுவாக வாசியுங்கள்.

இதில் தமிழருக்கு ஒரு சிலாக்கியம் உண்டு. ஆங்கிலத்திலோ கிரேக்கத்திலோ இல்லாத 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு மலகாசி மொழியில் இருக்கிறது. கேட்போரையும் சேர்த்துச் சொன்னால் 'இசிகா'. சேர்க்காமல் சொன்னால் 'இஸஹாய்'. கர்த்தருடைய ஜெபத்தில் நாம் 'எங்கள் பிதாவே' என்கிறோம். அவர்களும் அதற்கு இணையான விகுதியையே சேர்த்துச் சொல்கிறார்கள். இப்பொழுது மாற்கு 4:38-க்கு வாருங்கள். புயலில் தத்தளித்த சீஷர்கள், மடிந்துபோகிறது தாங்கள் மட்டும் என்றார்களா, படகில் நித்திரையாயிருந்த ஆண்டவரையும் சேர்த்துச் சொன்னார்களா? நம் பழைய மொழிபெயர்ப்பு 'நாங்கள்' என்று முடிவெடுத்தது. அவர்களுடைய வேதாகமத்தில் எந்தச் சொல் நிற்கிறது, அது ஏன் என்று அவர்களையே ஆராயச் சொல்லுங்கள். ஆங்கிலக் குறிப்புகளை மட்டும் நம்பிப் போகிறவருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. ஒரு பிற்பகல் முழுவதும் இதிலே கழிந்தாலும் கவலைப்படாதிருங்கள். வசனத்தை நோக்கிக் கேள்வி கேட்கக் கற்றவன் அடுத்த வாரம் வேறொரு பகுதியிலும் கேட்பான்.

பிரசங்கிக்கும் முறையைக் குறித்தும் ஒரு வார்த்தை. மலகாசி மக்களுக்குக் 'கபாரி' என்னும் சொற்பொழிவுக் கலை உண்டு. 2021-இல் யுனெஸ்கோ அதை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழமொழிகளால் நெய்யப்பட்ட பேச்சு அது. பேச எழும்புகிறவர், தாம் பேசத் துணிந்ததற்காகச் சபையோரிடம் முதலில் மன்னிப்பு வேண்டுவார். (நம் கன்வென்ஷன் மேடைகளிலும் சிலர் இதைப் பழகலாம்.) இப்படிப்பட்ட மரபில் வளர்ந்தவர்களுக்கு, மூன்று தலைப்பும் ஒரு முடிவுரையும் கொண்ட நம்முடைய செமினரி அச்சை வார்த்துக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. வசனத்தின் பொருள் இன்னதென்று தெளிவாகட்டும். அதை எவ்விதம் சொல்லவேண்டும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

புறப்படும் காலத்தையும் விசாரியுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம்; நெல்வயலில் வேலை செய்யும் பிரசங்கி உங்களுக்காகப் பத்து நாள் வேலையை விட்டு வருகிறார். நமது விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிப்பது நியாயமன்று. சான்றிதழ் வழங்கும் புகைப்படம் மிஷனெரி ஞாயிறன்று நம் சபையில் காட்டப்படும் என்பது உண்மைதான். அதற்காக ஒரு முழு நாளை விழாவாக்கிவிடாதீர்கள்.

கடைசி நாளை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். பகுதியை அவர்களே தெரிந்தெடுக்கட்டும், அவர்களில் ஒருவர் நடத்தட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். நீங்கள் உங்கள் தமிழ் வேதாகமத்தோடு பின்வரிசையில் அமருங்கள். மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரமாகச் சொன்னால் போதும்.